9 வினாடி எங்கே போகிறது?

வாடிக்கையாளர் திறந்தால் ஒரு வினாடிக்குள் வந்து நிற்கும் இணையதளம், கடைக்காரர் உள்ளே நுழைந்து ஆர்டர் பட்டியலைத் தொட்டால் 9 வினாடி அசைய மாட்டேன் என்கிறது. வேர்ட்பிரஸில் கடையோ இதழோ நடத்துகிறவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. அதே சர்வர், அதே இணைப்பு, அதே மடிக்கணினி. முன்பக்கத்துக்கு இருக்கும் வேகம் பின்பக்கத்துக்கு ஏன் இல்லை?

சென்னையின் பெரும்பாக்கத்தில் வீட்டிலிருந்தபடி சிறுதானியத் தின்பண்டம் செய்து விற்கும் ஒரு பெண்மணியை நினைத்துக்கொள்வோம். நூக்கம்பாளையம் சாலைப் பக்கம் அடுக்ககத்தில் வீடு. அடுப்பும் பொட்டலமும் அங்கேயே. சோழிங்கநல்லூர் எல்காட் வளாகத்தில் வேலை பார்க்கும் அண்ணன் மகன், வேலை முடிந்து வரும் வழியில் எட்டிப்பார்த்துத் தளத்தைக் கவனித்துக்கொள்வான். விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட கடை இது. ஆனால் இதில் வரும் ஒவ்வொரு கோளாறும் நிஜத் தளங்களில் நாள்தோறும் நடப்பதுதான்.

"அத்தை, எனக்கு இங்கே சட்டுனு வருதே?"

"உனக்கு வரும்டா. நீ வாங்க வர்ற ஆள் மாதிரி பாக்கறே. லாகின் பண்ணி ஆர்டரைத் திறந்து பாரு."

அத்தை சொன்னதில் பாதி விடை இருக்கிறது. வாங்க வருகிறவர்கள் பார்க்கும் பக்கம் எல்லாருக்கும் ஒன்றுதான். அதனால் ஒருமுறை தயாரித்த பக்கத்தை அப்படியே எடுத்துவைத்து, அடுத்து வருகிறவர்களுக்கு நீட்டிவிடலாம். கேஷ் என்பது இதுதான். லாகின் செய்தவருக்கு அது முடியாது. அவர் பார்ப்பது அந்த நொடியின் ஆர்டர், அந்த நொடியின் இருப்பு. பழையதை நீட்டினால் வியாபாரமே தப்பாகிவிடும். அத்தையின் தொழிலிலேயே சொன்னால், முன்பக்கம் காலையில் பொட்டலம் கட்டி அடுக்கிய முறுக்கு, அட்மின் பக்கம் ஒவ்வொரு முறையும் மாவு பிசைவதிலிருந்து தொடங்குவது. தளத்தின் உண்மையான உடல்நிலை தெரிவது அட்மின் பக்கத்தில்தான். முன்பக்கத்தின் வேகத்தைக் காட்டி "தளம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது, கேஷ் நன்றாக வேலை செய்கிறது என்று சொல்வது மட்டுமே.

இந்த நிலையில் யாரைக் கேட்டாலும் இரண்டு அறிவுரை கிடைக்கும். ஒன்று, "ஹோஸ்டிங்கை மாத்துங்க." இன்னொன்று, "பிளகின் ஜாஸ்தி, குறைங்க." இரண்டும் ஊகம். முதலாவதற்குக் காசு செலவாகும். இரண்டாவதால் வேண்டிய வசதி போகும். சிறு தொழில் செய்கிறவர்களின் பணம் இப்படி ஊகத்துக்குப் போவது எனக்குப் பொறுக்காத ஒன்று. கணினி ஒவ்வொரு மில்லி வினாடியையும் கணக்குச் சொல்லும் பொருள். அதைக் கேட்காமல் ஏன் ஊகிக்க வேண்டும்?

கொக்கியில் மாட்டியவர்கள்

வேர்ட்பிரஸ் 2003 மே 27 அன்று வெளியானது. அமெரிக்காவில் மேட் முல்லன்வெக், இங்கிலாந்தில் மைக் லிட்டில் ஆகிய இருவரும், மிஷேல் வால்ட்ரிகி எழுதி வளர்ச்சி நின்றுபோன பி2 என்ற மென்பொருளை எடுத்து வளர்த்தார்கள். மறு ஆண்டு மே மாதம் வந்த 1.2 பதிப்பில் பிளகின் வசதி சேர்ந்தது. இன்று உலகின் இணையதளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வேர்ட்பிரஸில் ஓடுகின்றன என்றால் அதற்குப் பெருங்காரணம் இந்த ஒரு வசதிதான். யாரும் அனுமதி கேட்காமல் ஒரு சிறு நிரலை எழுதி அதற்குப் புதிய திறமையைச் சேர்த்துவிடலாம். இலவசமாகக் கிடைக்கும் பிளகின்களே சுமார் 60,000.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தைத் தயாரிக்கும் பாதை நெடுகக் கொக்கிகள் இருக்கின்றன. "அட்மின் பக்கம் தொடங்குகிறது", "பதிவு சேமிக்கப்பட்டது", "பட்டியலில் ஒரு வரி வரையப்படுகிறது" என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கொக்கி. பிளகின் தன் நிரலை வேண்டிய கொக்கியில் மாட்டிவிட்டால் போதும். அந்தக் கட்டம் வரும்போது வேர்ட்பிரஸ் அதில் மாட்டியிருக்கும் எல்லாரையும் வரிசையாகக் கூப்பிடும்.

வரிசையாக என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவர் முடித்தால்தான் அடுத்தவர். யாருக்கும் தனி நேர வரம்பு கிடையாது. பி.எச்.பி. மொழிக்கென்று மொத்த வரம்பு ஒன்று உண்டு. வழக்கமாக 30 வினாடி. ஆனால் லினக்ஸ் சர்வர்களில் அந்தக் கடிகாரம் நிரல் ஓடும் நேரத்தை மட்டுமே எண்ணும். டேட்டாபேஸ் பதிலுக்கோ வெளி சர்வரின் பதிலுக்கோ காத்திருக்கும் நேரம் அதில் சேராது. ஆகவே வெளியே போன ஒரு பிளகின் எவ்வளவு நேரம் வாசலில் நின்றாலும் உள்ளே எச்சரிக்கை மணி அடிக்காது.

இயக்கத்தில் இருக்கும் பிளகின் எல்லாமே ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏற்றப்படும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். அத்தை ஆர்டர் பட்டியலைத் திறக்கும்போது, அதற்குச் சம்பந்தமே இல்லாத படத்தொகுப்பு பிளகினும் எழுந்து வந்து "நான் இருக்கிறேன்" என்று பெயர் கொடுத்துவிட்டுத்தான் உட்காரும். பெயர் கொடுப்பதற்கு மில்லி வினாடி போதும். அதனால்தான் எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. அளவாக எழுதப்பட்ட நாற்பது பிளகின்கள் ஓசையில்லாமல் ஓடும் தளங்கள் உண்டு. ஒன்றே ஒன்று தளத்தைக் கட்டிப்போடுவதும் உண்டு.

அளக்கும் கருவி

முதல் அளவைக்கு எதையும் நிறுவ வேண்டாம். பிரௌசரில் எஃப்12 பொத்தானை அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்துவைத்துக்கொண்டு, ஆர்டர் பக்கத்தை மறுபடி ஏற்றினால் போதும். முதல் வரியில் சர்வரின் பதிலுக்குக் காத்திருந்த நேரம் தனியாகத் தெரியும். அத்தையின் கடையில் அது 8.4 வினாடி. மீதி 0.6 வினாடிதான் பிரௌசர் பக்கத்தை வரைய எடுத்துக்கொண்டது. ஆக, வீட்டு வைஃபையைத் திட்டிப் பயனில்லை. கணினியை மாற்றியும் பயனில்லை. நேரம் போனது சர்வருக்குள்.

சர்வருக்குள் எட்டிப்பார்க்க குவரி மானிட்டர் என்ற இலவச பிளகின் இருக்கிறது. ஜான் பிளாக்பர்ன் என்ற நிரலாளர் எழுதியது. வேர்ட்பிரஸ் உலகத்துக்குக் கிடைத்த மிக நல்ல பரிசுகளில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன். நிறுவியதும் அட்மின் பக்கத்தின் மேல்பட்டையில் சில எண்கள் தோன்றும்: பக்கம் உருவாக எடுத்த நேரம், பிடித்த நினைவகம், டேட்டாபேஸில் செலவான நேரம், அதனிடம் கேட்கப்பட்ட கேள்விகளின், அதாவது குவரிகளின், எண்ணிக்கை. அதைத் தட்டினால் கீழே ஒரு பலகை விரியும். எந்த பிளகின் எத்தனை குவரி கேட்டது, எதற்கு எவ்வளவு நேரம் ஆனது, யார் வெளி சர்வரைக் கூப்பிட்டார், அந்த அழைப்பு என்ன ஆனது என்று பெயர் சொல்லிக் காட்டும். அளந்து முடித்ததும் அதை நிறுத்திவிட வேண்டும். எல்லாவற்றையும் குறித்துவைப்பதே ஒரு வேலைதான்.

அண்ணன் மகன் பார்த்தபோது பலகை சொன்னது இது: மொத்தம் 8.4 வினாடி. அதில் டேட்டாபேஸ் 1.1 வினாடி, 412 குவரி. வெளி அழைப்பு ஒன்று, 5.0 வினாடி, சிவப்பு எழுத்தில். மீதி 2.3 வினாடி நிரல் ஓடியது.

அந்தச் சிவப்பு வரியை நெருங்கிப் பார்ப்போம். காசு கொடுத்து வாங்கிய ஒரு ஸ்லைடர் பிளகின், தன் லைசென்ஸ் இன்னும் செல்லுமா என்று அமெரிக்காவில் இருக்கும் தன் நிறுவன சர்வரைக் கேட்கிறது. அந்த சர்வர் பதில் சொல்லவில்லை. வேர்ட்பிரஸ் இப்படிப்பட்ட அழைப்புக்கு, பிளகின் வேறு எதுவும் சொல்லாவிட்டால், 5 வினாடி காத்திருந்துவிட்டுக் கைவிடும். சிவப்பில் இருந்தது அந்த 5 வினாடிதான்.

ஒருமுறை என்றால் பொறுக்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் ஏன் கேட்கிறது? பிளகினை எழுதியவர், பதில் வந்தால் அதை ஒரு நாளுக்குச் சேமித்துவைக்கும்படி எழுதியிருக்கிறார். நல்ல பழக்கம்தான். ஆனால் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை. சேமிக்க எதுவும் இல்லாததால், அடுத்த பக்கத்தில் மறுபடி கேட்கிறது. மறுபடி 5 வினாடி. எழுதியவரின் கணினியில் இந்தக் கோளாறு தெரிந்திருக்கவே முடியாது, ஏனென்றால் அங்கே பதில் எப்போதும் வந்திருக்கும்.

பதில் வந்தாலும்கூட அது இலவசமில்லை. சென்னையிலிருந்து, பெரிய தரவு மையங்கள் குவிந்திருக்கும் அமெரிக்காவின் வர்ஜீனியா நேர்க்கோட்டில் சுமார் 13,800 கி.மீ. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. ஓடும். போய்வர, வழியில் ஒரு தடங்கலும் இல்லாமலே, 138 மில்லி வினாடி. கடலடி கேபிள்கள் நேர்க்கோட்டில் போவதில்லை என்பதால் நிஜத்தில் 200-ஐத் தாண்டும். பாதுகாப்பான இணைப்புக்கு முதலில் கைகுலுக்கல், பிறகு சாவிப் பரிமாற்றம், அதன் பிறகுதான் கேள்வி. மூன்று நான்கு முறை போய்வந்தால் முக்கால் வினாடி போய்விடும். நம் தளத்தின் சர்வர் சென்னையிலோ மும்பையிலோ இருப்பதால் மட்டும் இது தீராது. கேட்கப்படும் ஆள் எங்கே இருக்கிறார் என்பதுதான் கணக்கு. பணத்தைக் கொட்டினாலும் ஒளியின் வேகத்தைக் கூட்ட முடியாது. கேள்வியைக் குறைக்க முடியும், அல்லது யாரும் காத்திருக்காத பின்னணி நேரத்துக்குத் தள்ள முடியும்.

412 குவரிக்கு வருவோம். அதில் 260 ஒரே பிளகினுக்குச் சொந்தம். ஆர்டர் பட்டியலில் "இவர் இதற்கு முன் எத்தனை முறை வாங்கியிருக்கிறார்" என்று ஒரு பத்தியைச் சேர்த்திருக்கிறது அது. பட்டியலில் 20 வரி. ஒவ்வொரு வரிக்கும் 13 கேள்வி. இருபது பேரையும் பற்றி ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கலாம். நிரலாளர்கள் மிகச் சாதாரணமாகச் செய்யும் பிழை இது. சோதிக்கும்போது பட்டியலில் இரண்டு ஆர்டர்தான் இருந்திருக்கும். பக்கத்துக்கு 100 ஆர்டர் என்று அத்தை மாற்றியிருந்தால் 1,300 கேள்வி. "பக்கத்துக்கு எத்தனை" என்ற எண்ணைக் குறைப்பது இங்கே உடனடி நிவாரணம். அந்தப் பத்தியை எடுத்துவிடுவது முழு நிவாரணம்.

பாதியாக வெட்டுவது

எல்லா நேரமும் பலகை இவ்வளவு தெளிவாகக் குற்றவாளியைக் காட்டாது. இரண்டு பிளகின்கள் மோதும்போது மூன்றாவதன் பெயரில் தாமதம் தெரியலாம். அப்போது நிறுத்திப் பார்ப்பதுதான் வழி. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பதுதான் எல்லாருக்கும் தோன்றுவது. 32 பிளகின் இருந்தால் 31 சோதனைகூட ஆகலாம்.

1943-இல் ராபர்ட் டார்ஃப்மன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இதே கேள்வியை ரத்தப் பரிசோதனையில் சந்தித்தார். படையில் சேர வரும் லட்சக்கணக்கானோரில் சிஃபிலிஸ் நோய் உள்ள மிகச் சிலரைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொருவரையும் தனித்தனியே சோதிப்பதற்குப் பதில் பலரின் ரத்தத்தைக் கலந்து ஒரே சோதனை செய்யலாம். நோய் இல்லையென்றால் அத்தனை பேரும் ஒரே மூச்சில் தேறிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 2020 ஏப்ரலில் கொரோனா பரிசோதனைக் கருவிகள் போதாமல் இருந்தபோது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதே வழியைப் பரிந்துரைத்தது. தொற்று 2 சதவீதத்துக்குக் குறைவாக இருக்கும் பகுதிகளில் 5 மாதிரிகள் வரை கலக்கலாம் என்றது.

பிளகினுக்கு இன்னும் எளிது. 32-இல் 16-ஐ நிறுத்துங்கள். வேகம் வந்துவிட்டதா? குற்றவாளி நிறுத்திய பாதியில். வரவில்லையா? ஓடும் பாதியில். அந்தப் பாதியை மறுபடி வெட்டுங்கள். 16, 8, 4, 2, 1. ஐந்தே சோதனை. 64 பிளகின் இருந்தால் ஆறு. எண்ணிக்கை இரட்டித்தாலும் வேலை ஒன்றுதான் கூடுகிறது. இந்தக் கணக்கின் அழகு இதுதான்.

இதற்கும் எல்லை உண்டு. குற்றவாளிகள் இருவர் இருந்தால், எந்தப் பாதியை நிறுத்தினாலும் தாமதம் நிற்காமல் தொடரலாம். இருவரும் சேர்ந்தால் மட்டுமே கோளாறு என்றால், எந்தப் பாதி தனியே ஓடினாலும் வேகமாக இருக்கலாம். டார்ஃப்மனின் வழியும் நோயாளிகள் அரிதாக இருக்கும்போதுதான் லாபம் தந்தது. முடிவு முன்னுக்குப் பின் முரணாக வந்தால் கருவியைச் சந்தேகிக்க வேண்டாம். குற்றவாளி ஒருவர்தான் என்ற நம் நினைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஓடும் கடையில் இந்தச் சோதனையைச் செய்யும்போது கவனம் வேண்டும். பணம் செலுத்தும் பிளகினைப் பத்து நிமிடம் நிறுத்தினால், அந்தப் பத்து நிமிடத்தில் வாங்க வந்தவர் திரும்பிப் போய்விடுவார். ஹெல்த் செக் அண்ட் ட்ரபிள்ஷூட்டிங் என்ற பிளகின் இதற்கு வழி செய்கிறது. உங்கள் லாகினுக்கு மட்டும் பிளகின்கள் நின்றதுபோல் காட்டும். வாடிக்கையாளருக்குக் கடை எப்போதும்போல் நடக்கும். அட்மினே திறக்கவில்லை என்ற நிலை வந்தால், ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில் பிளகின்கள் இருக்கும் ஃபோல்டரின் பெயரை மாற்றலாம். வேர்ட்பிரஸ் அவற்றைக் காணாமல் எல்லாவற்றையும் நிறுத்திக்கொள்ளும். உள்ளே நுழைந்த பிறகு பெயரைத் திருப்பிப் போட்டு ஒவ்வொன்றாக இயக்கலாம். எதற்கும் முன்னால் பேக்கப். இதை யாருக்கும் சொல்லாமல் விட முடியாது.

போன பிறகும் இருப்பவை

பிளகினை நீக்கிவிட்டோம், ஆனாலும் வேகம் வரவில்லை. ஏன்? பிளகின் போனாலும் அது எழுதிவைத்தது டேட்டாபேஸில் இருக்கலாம். வேர்ட்பிரஸில் ஆப்ஷன்ஸ் என்று ஓர் அட்டவணை உண்டு. தளத்தின் பெயரிலிருந்து பிளகின்களின் அமைப்புகள் வரை எல்லாம் அதில்தான். அதன் ஒவ்வொரு வரியிலும் "இதைத் தானாக ஏற்று" என்று ஒரு குறி. அந்தக் குறி உள்ள எல்லா வரிகளையும் ஒவ்வொரு கோரிக்கையின் தொடக்கத்திலும் வேர்ட்பிரஸ் ஒரே அள்ளாக அள்ளி நினைவகத்தில் போட்டுக்கொள்ளும். அடிக்கடி தேவைப்படும் சிறு தகவல்களுக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் பிளகின்கள் பலவும் யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் இந்தக் குறியைப் போட்டுவிடுகின்றன: பழைய பிழைக் குறிப்புகள், காலாவதி தேதி இல்லாத தற்காலிகத் தகவல்கள், மூன்று வருடத்துக்கு முன் எடுத்துப்போட்ட தீமின் வண்ணங்கள் என்று.

அத்தையின் தளத்தில் இப்படி 4.6 எம்.பி. சேர்ந்திருந்தது. வேர்ட்பிரஸின் சைட் ஹெல்த் பக்கம் 800 கே.பி.யைத் தாண்டினாலே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை 2024 ஜூலையில் வந்த 6.6 பதிப்பில் சேர்ந்தது. அதே பதிப்பில் இன்னொரு நல்ல மாற்றம்: பிளகின் எதுவும் குறிப்பிடாமல் மிகப் பெரிய தகவலை எழுதினால், அதைத் தானாக ஏற்ற வேண்டாம் என்று வேர்ட்பிரஸே முடிவு செய்யும். ஏற்கெனவே கிடக்கும் குப்பையை மட்டும் கையால்தான் எடுக்க வேண்டும். எடுக்கும்போதும் அழிப்பதைவிடக் குறியை மாற்றுவது மேல். தகவல் இருக்கும், வேண்டியவர் கேட்டால் கிடைக்கும், கேட்காதவர்மீது சுமையாக ஏறாது.

இந்தச் சுமை ஆர்டர் பக்கத்தோடு நிற்பதில்லை. 2013 ஆகஸ்டில் வந்த 3.6 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் அட்மினுக்கு ஓர் இதயத்துடிப்பு உண்டு. ஹார்ட்பீட் என்றே அதற்குப் பெயர். திறந்திருக்கும் ஒவ்வொரு அட்மின் டேப்பும் குறித்த இடைவெளியில் சர்வரைத் தட்டும். ஒரே கட்டுரையை இருவர் திருத்தாமல் தடுப்பதற்கும், எழுதியது தொலையாமல் சேமிப்பதற்கும், லாகின் காலாவதியானதைச் சொல்வதற்கும் அது தேவை. நல்ல காரியம்தான். ஆனால் ஒவ்வொரு துடிப்பும் சர்வருக்கு ஒரு முழுக் கோரிக்கை. எல்லா பிளகினும் ஏறும், 4.6 எம்.பி.யும் ஏறும், "அட்மின் தொடங்குகிறது" என்ற கொக்கியும் இழுக்கப்படும். அந்தக் கொக்கியில்தான் ஸ்லைடரின் லைசென்ஸ் கேள்வி மாட்டியிருக்கிறது.

ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய ஒரு விதி இங்கே உதவும். ஓர் இடத்தில் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள்? வரும் வேகத்தை அவரவர் தங்கும் நேரத்தால் பெருக்கினால் விடை. கடையில் மூவர் ஆளுக்கு நான்கு டேப் திறந்துவைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். கண்முன் இருக்கும் 3 டேப் நிமிடத்துக்கு ஒருமுறை தட்டுகின்றன. பின்னால் கிடக்கும் 9 டேப் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. வினாடிக்கு 0.125 துடிப்பு. ஒவ்வொன்றும் லைசென்ஸுக்காக நிற்பதையும் சேர்த்து 6 வினாடி என்றால், 0.125 பெருக்கல் 6, அதாவது 0.75. சிறிய ஹோஸ்டிங்கில் ஒரே நேரத்தில் நான்கு கோரிக்கையைத்தான் கவனிக்க முடியும் என்றால், அந்த நான்கில் ஓர் இடத்தின் முக்கால் பங்கு வீணாக அடைபட்டிருக்கிறது, யாரும் எதையும் சொடுக்காமலே. தீபாவளி நேரத்தில் வாங்க வருகிறவர் பொருளைக் கூடையில் போட முயலும்போது அவருக்குக் கிடைக்காமல் போவது இந்த இடம்தான்.

தமிழ்த் தளங்களில் இன்னொரு சங்கதியும் உண்டு. பிளகினைச் சந்தேகித்துத் தேடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். இணைய முகவரியில் அதை எழுதும்போது ஒவ்வொரு பைட்டும் மூன்று குறிகளாக விரிகிறது. ஆக ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 9 இடம். பதிவின் தலைப்பிலிருந்து முகவரியை உண்டாக்கும் வேர்ட்பிரஸ் அதற்கு ஒதுக்கியிருப்பது 200 இடம். 22 தமிழ்க் குறியீட்டோடு முடிந்தது.

ஓர் உதாரணம். பெரும்பாக்கம் ஏரியின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகிறது. மழைக்காலத்தில் ஏரியைக் கவனிப்பது இந்தப் பகுதிக்கு உயிர்ப் பிரச்சினை. யாராவது ஆர்வலர் தினமும் "பெரும்பாக்கம் ஏரி நீர்மட்டம்" என்று தொடங்கித் தேதியோடு ஒரு பதிவு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தும் அதன் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடாக எண்ணப்படுவதால் "பெரும்பாக்கம்" 13 குறியீடு, "ஏரி" 3, நடுவில் இரண்டு இடைவெளி. மீதி 54 இடத்தில் ஆறு குறியீடுதான் அடங்கும். முகவரி "நீர்மட" என்ற இடத்தில் அறுந்துவிடும். தேதி உள்ளே வரவே வராது. எல்லா நாளின் பதிவுக்கும் ஒரே முகவரி! வேர்ட்பிரஸ் அதைச் சமாளிக்க முகவரியின் கடைசியில் 2 சேர்த்துப் பார்க்கும். அது இருக்கிறதா என்று டேட்டாபேஸைக் கேட்கும். இருந்தால் 3, பிறகு 4. இருநூறாவது பதிவைச் சேமிக்கும்போது சுமார் 200 கேள்வி, ஒன்றன்பின் ஒன்றாக. ஆங்கிலத் தலைப்பு என்றால் இது நடந்திருக்காது. தேதியைத் தலைப்பின் முன்னால் போட்டாலோ, முகவரியைக் கையால் சுருக்கி எழுதினாலோ சரியாகிவிடும். வேர்ட்பிரஸைத் தமிழில் பயன்படுத்துகிற நாம்தான் இப்படிப்பட்டவற்றைக் கண்டுபிடித்து எழுதிவைக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவர்களுக்கு இது கண்ணில் படாது.

எது முதலில்

1967-இல் ஜீன் அம்டால் என்ற கணினி வடிவமைப்பாளர் சொன்னது: ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் வேகப்படுத்தினால், மொத்தத்தில் கிடைக்கும் லாபத்துக்கு அந்தப் பகுதியின் பங்குதான் உச்சவரம்பு. அவர் பேசியது பல செயலிகள் சேர்ந்து வேலை செய்யும் பெரிய கணினிகளைப் பற்றி. அத்தையின் கடைக்கும் அது பொருந்தும்.

9 வினாடியின் கணக்கு கையில் இருக்கிறது. வெளி அழைப்பு 5.0, நிரல் 2.3, டேட்டாபேஸ் 1.1, பிரௌசர் 0.6. இப்போது இரட்டை விலை கொடுத்து இரட்டை வேக ஹோஸ்டிங்குக்கு மாறினால் என்ன ஆகும்? நிரல் 1.15, டேட்டாபேஸ் 0.55 ஆகக் குறையும். வெளி அழைப்பு அப்படியே 5.0, வேகமான சர்வரும் அந்த 5 வினாடி கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்கும். மொத்தம் 7.3. இரட்டைக் காசுக்கு நூற்றுக்கு 19 பங்குதான் லாபம். அத்தை ஏமாந்ததாகத்தான் உணர்வார்.

அண்ணன் மகன் முதலில் ஸ்லைடரை எடுத்துவிட்டான். அது முகப்பில் மூன்று படம் காட்டத்தான் இருந்தது. மூன்று படத்தையும் வேர்ட்பிரஸின் சொந்த வசதியிலேயே போட்டான். 9 வினாடி 4 ஆனது. பழைய தீமும் நீக்கிய பிளகின்களும் விட்டுப்போன தகவல்களின் குறியை மாற்றினான், வாங்கியவர் கணக்கைக் காட்டும் பத்தியை மறைத்தான். டேட்டாபேஸ் 0.3 வினாடிக்கு இறங்கியது, நிரல் 1.4-க்கு. மொத்தம் 2.3 வினாடி. அந்தப் பத்தியை எழுதியவருக்கு, 260 குவரியும் தெரியும்படி பலகையின் படத்தை அனுப்பினான். "ஸ்லோவா இருக்கு" என்று மட்டும் எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. எந்தக் குவரி, எத்தனை முறை என்று எழுதினால் திருத்துவது பெரும்பாலும் ஒரு மாலை வேலை.

இப்போது ஹோஸ்டிங் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம். இரட்டை வேக சர்வரில் நிரலும் டேட்டாபேஸும் சேர்ந்து 1.7-இலிருந்து 0.85 ஆகும், பிரௌசரோடு 1.45 வினாடி. நூற்றுக்கு 37 பங்கு லாபம். அதே சர்வர், அதே விலை. முன்பு 19 கொடுத்தது இப்போது 37 கொடுக்கிறது. தீபாவளி ஆர்டர் வரும் இரண்டு மாதத்துக்கு மட்டும் மாறிக்கொள்ளலாமா என்று அத்தை யோசிக்கிறார். இந்த முறை அவர் கையில் கணக்கு இருக்கிறது.